உடனிருந்தோர் பதிவேடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜனவரி மாதம், மட்டாஞ்சேரித் தமிழ்ச் சபையின் வாலிபர் சங்கத் தலைவன் தேவநேசன், சபைக்குச் சொந்தமான ஆர்மோனியப் பெட்டியையும் நான்கு வாலிபர்களையும் ஒரே வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கும்பளங்கிக்குப் போய், அங்கே கைதட்டிப் பாடுகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான். நான்கு வாலிபர்களைப் பற்றிச் சபையில் யாரும் அதிகம் பேசவில்லை. ஆர்மோனியம் பெரிய இழப்பு.

ஏன் போனான் என்று ஆராய ஐந்து மூத்தோர் கொண்ட குழு அமைந்தது. நான் அதற்குச் செயலாளர். சபையின் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் வேலை எனக்கு. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எந்தக் குழு அமைந்தாலும் என்னைத்தான் எழுதப் போடுவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறவனுக்குச் சொந்தக் கருத்து இருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அதில் பெரிய தவறும் இல்லை.

குழுவின் தலைவர் மாசிலாமணி, கப்பல் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தேவநேசன் மாலை நேரங்களில் படகுத்துறைப் பக்கம் தனியாக நடப்பான் என்று ஒருவர் சாட்சி சொன்னார். அவனுக்கு வயது இருபத்து மூன்று என்று ஞானஸ்நானப் பதிவேடு சொன்னது. மாசிலாமணி எழுந்தார்.

"சரக்கு ஏன் தொலைகிறது? கூட ஆள் போகாததால். ஏன் அழுகுகிறது? பழுக்கும் முன்னால் கட்டி அனுப்பியதால். தேவநேசன் இரண்டு விதத்திலும் கெட்டுப்போன சரக்கு. தனிமை ஒன்று, முதிர்ச்சியின்மை ஒன்று. இனி நம் சபையில் இந்த இரண்டும் இருக்காது. நான் கப்பலையே அனுப்பியவன். ஒரு பையனைப் பத்திரமாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாதா?"

எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

புதிய தலைவனாகச் செல்லதுரை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அந்த நேரத்தில் அவன் குழுவுக்குச் சாயா வாங்கப் போயிருந்தான். வாளியில் எட்டு கிளாசோடு திரும்பி வந்தவனை மாலை போட்டு வரவேற்றார்கள்.

"சார், எனக்கு இதெல்லாம் தெரியாது சார்," என்றான். "நான் சாயா வாங்கத்தான் போனேன்."

"தாழ்மை இருக்கிறது," என்றார் மாசிலாமணி. "எழுதிக்கொள்ளுங்கள்."

செல்லதுரைக்கு இருபத்தாறு வயது. நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பஜார் ரோட்டில் ஒரு குஜராத்தி சேட்டின் மிளகுக் கிட்டங்கியில் மூட்டை எடை போடுகிற வேலை. யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன்.

அடுத்த வாரம் விதிகள் வந்தன. முதல் விதி, வாலிபர் தலைவன் எந்த நேரமும் தனியாக இருக்கக் கூடாது. ஐந்து மூத்தோரும் முறைவைத்து அவனுடன் இருப்பார்கள். யார், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருந்தார், அப்போது என்ன நடந்தது என்பதையெல்லாம் ஒரு பெரிய பதிவேட்டில் எழுதி, இருந்தவர் கையொப்பமிட வேண்டும். அட்டையில் 'உடனிருந்தோர் பதிவேடு' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தது நான்தான்.

செல்லதுரை ஒரே ஒரு சந்தேகம் கேட்டான். "சார், இயேசு சாமியே ராத்திரி தனியாப் போய்த்தானே ஜெபம் பண்ணினாரு?"

மாசிலாமணி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "அந்தக் காலத்தில் கமிட்டி கிடையாது தம்பி. அதனால் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும்."

முறையில் பாதி நாள் ஞானசிகாமணிக்கு விழுந்தது. மற்ற நால்வருக்கும் வாதம், சர்க்கரை, பேரப்பிள்ளைகள் என்று ஏதாவது இருந்தது. ஞானசிகாமணி ஓய்வு பெற்ற கம்பவுண்டர், அறுபத்தேழு வயது, இடது காது கேட்காது. காலை ஆறு மணிக்கே குடையோடு வந்துவிடுவார். செல்லதுரை குளிக்கப் போனால் கிணற்றடியில் நிற்பார். கக்கூசுக்குப் போனால் வெளியே நின்று ஞானப்பாட்டு முணுமுணுப்பார், உள்ளே இருக்கிறவனுக்குத் தனிமை தோன்றாமலிருக்க. லைன் வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்கக் கூடின. அதையும் பதிவேட்டில் 'ஐக்கியம்' என்ற தலைப்பில் எழுதினோம்.

கிட்டங்கிக்கும் போனார். மிளகுத் தூசியில் நாள் முழுக்கத் தும்மினார். மூன்றாம் நாள் சேட்டு குஜராத்தியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். குழுவில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. சேட்டு உடனிருப்புப் பொறுப்பை ஏற்கிறார் என்பதாகத் தீர்மானம் போட்டோம். பிறகு ஒருவரிடம் கொடுத்துப் படித்தபோது, நாளை முதல் இந்தக் கிழவரை அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தது தெரிந்தது. அதற்கும் அதே பொருள்தான் என்றார் மாசிலாமணி. தீர்மானத்தை மாற்றவில்லை.

இரண்டாம் விதி முதிர்ச்சி. மூத்தோர் ஐவரும் நேர்காணல் நடத்தி முதிர்ச்சிச் சான்று கொடுப்பார்கள். அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அதற்கு மேல் ஒருவனுடைய முதிர்ச்சிக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்பது குழுவின் அனுபவம். நேர்காணலில் அவனைக் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது சத்தமாகச் சிரித்தாய் என்பது. அவன் யோசித்து, "கிறிஸ்மஸுக்கு சார்," என்றான். "எதற்கு?" "ஞாபகம் இல்ல சார்." இந்தப் பதில் அவனுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

முதிர்ச்சியின் அடையாளமாகக் காலஞ்சென்ற உறுப்பினர் ஒருவரின் கறுப்புக் கோட்டை அவனுக்குக் கொடுத்தார்கள். செத்தவர் நல்ல பருமன். செல்லதுரை அதற்குள் வேறொருவரைத் தேடி வந்தவன் மாதிரி இருப்பான். கொச்சி மே மாத வேக்காட்டில், அந்துருண்டை வாசனையோடு, முழங்கை வரை கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன் பஜார் ரோட்டில் நடந்தால், வக்கீல் குமாஸ்தா என்று நினைத்து இரண்டு பேராவது மனு எழுதித் தரச் சொல்லி நிறுத்துவார்கள். கூடவே ஞானசிகாமணி குடையோடு நடப்பதால் அவரைக் கட்சிக்காரர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாலிபர் கூட்டமும் சீர்திருந்தியது. காரம்போர்டு பூட்டி வைக்கப்பட்டது. நான்கு பேர் விளையாடும்போது மற்றவர்கள் தனிமைப்படுகிறார்கள் என்று காரணம் எழுதினோம். வாலிபர் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மூத்தவர் உட்கார்ந்தார். பையன்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். இரண்டு பேர் கும்பளங்கியில் இருப்பதாகக் கேள்வி. மே மாதக் கடைசியில் வாலிபர் கூட்டத்தில் வாலிபர் இருவர், மூத்தோர் ஒன்பது பேர். மொத்தம் பதினொருவர் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினோம். சென்ற வருஷத்தைவிட இரண்டு பேர் கூடுதல் என்று அவர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

அந்த இரண்டு வாலிபரில் ஒருவன் செல்லதுரை. இன்னொருவன் பிச்சைமணி.

பிச்சைமணிக்குப் பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. கூட்டிவந்த மாமன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குத் திரும்பிப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். இவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். அங்கே தினமும் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற மூப்பன் ஒரு மேட்டில் நின்று தகர வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். சாப்பா என்பார்கள். அடித்துப் பிடித்து ஒன்றைக் கைப்பற்றியவனுக்கு அன்றைக்குக் கப்பலில் வேலை, மற்றவனுக்குப் பட்டினி. பிச்சைமணி மலையாளப் பள்ளியில் நான்கு வகுப்புப் படித்தவன். தமிழ்ப் பாட்டுகளைக் காதால் கேட்டுத்தான் பாடுவான். சபையில் அவனோடு உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் செல்லதுரை. இரண்டு பேரும் ஒரே கடையில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தின்கிறவர்கள். அதனால்தான் ஒன்பது கிழவர்களையும் பொறுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தான் என்று இப்போது புரிகிறது. அப்போது, நம் ஏற்பாட்டால் கட்டிக் காக்கப்பட்ட வாலிபன் என்று அவனைப் பற்றி எழுதினேன்.

ஜூன் இரண்டாம் வாரம், கூட்டம் முடிந்து எல்லாரும் வாசலில் மழை விடக் காத்திருந்தோம். பிச்சைமணி செல்லதுரையின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, ஒரு காரியம் பேசணும்."

"பேசுல."

பிச்சைமணி ஞானசிகாமணியைப் பார்த்தான். "தனியா அண்ணே. அஞ்சு நிமிஷம் போதும்."

ஞானசிகாமணி வலது காதைத் திருப்பிக்கொண்டு நெருங்கினார். "எங்கிட்டயே சொல்லலாம் தம்பி. கேக்கதுக்குத்தானே நான் நிக்கேன்?"

"ஒண்ணும் இல்ல சாரே," என்று சொல்லிவிட்டு அவன் மழையிலேயே இறங்கிப் போனான். போகும்போது இருமினான். பதிவேட்டில் அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: 'மாலை 5.40. பிச்சைமணி பேச வந்தார். ஒன்றும் இல்லை என்றார்.'

அடுத்த ஞாயிறு அவன் ஒரு கடிதத்தைச் செல்லதுரையின் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டான். செல்லதுரை அதைக் கிட்டங்கியில், சேட்டின் பொறுப்பில் இருந்த நேரத்தில், மூட்டைகளுக்கு நடுவே வைத்துப் படித்தான். மலையாளத்தில் எழுதியிருந்தது. மூன்று வாரமாக இருமினால் ரத்தம் வருகிறது. மூப்பனுக்குத் தெரிந்தால் சாப்பா கிடைக்காது. சர்க்கார் டாக்டர் க்ஷயரோகம் என்று எழுதிக் கொடுத்து, உடனே படுக்கையில் சேராவிட்டால் பிழைக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டார். மலைப்பக்கத்து மிஷன் சானடோரியத்தில் இடம் இருக்கிறது, அதற்குச் சபையின் சிபாரிசு வேண்டும். யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணா. விண்ணப்பத் தாளும் உள்ளே மடித்து வைத்திருந்தான்.

தாளின் அடியில் 'குருவானவர் அல்லது வாலிபர் தலைவர் கையொப்பம், சபை முத்திரை' என்று இருந்தது. எங்கள் குருவானவர் எர்ணாகுளத்தில் இருப்பவர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு படகில் வருவார். அப்போது அவர் ஏதோ மாநாட்டுக்காக மதராஸ் போயிருந்தார், திரும்ப ஆறு வாரம் ஆகும். செல்லதுரை உடனே கையொப்பமிட்டான். முத்திரை மாசிலாமணி வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. அன்று மாலையே அங்கே வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

மாசிலாமணி தாளை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "ஒரு கையொப்பம்தான் இருக்கிறது."

"ஒண்ணுதான் சார் கேட்டிருக்காங்க."

"அவர்கள் ஒன்றுதான் கேட்பார்கள். அவர்களுக்குத் தேவநேசனைத் தெரியாது. தலைவன் தனியாகக் கையொப்பம் போடுவதும் தனிமைதான். ஐந்து பேரும் உடன் கையொப்பம் இட வேண்டும்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அது இருக்கட்டும். பிச்சைமணிக்கு நோய் என்று உனக்கு எப்படித் தெரியும்? பதிவேட்டில் இல்லையே? ஒன்றும் இல்லை என்று சொன்னதாக அல்லவா இருக்கிறது?"

"கடிதாசு கொடுத்தான் சார்."

"எங்கே வைத்துப் படித்தாய்?"

"கிட்டங்கியில சார். சும்மா, நான் மட்டும் இருக்கையில."

"அப்படியானால் இது தனிமையில் கிடைத்த தகவல். தனிமையில் கிடைத்ததை வைத்து ஒரு சபை இயங்க முடியாது. அவனே குழுவின் முன் வந்து, உடனிருப்போர் முன்னிலையில் சொல்லட்டும்."

"ரகசியமா இருக்கணும்னு எழுதியிருக்கான் சார். மூப்பனுக்குத் தெரிஞ்சிட்டா வேலை போயிரும்."

"நாங்கள் ஐந்து பேர்தானே," என்றார் மாசிலாமணி.

பிச்சைமணி வந்தான். துவைத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னான், பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும். சொல்லி முடிக்கும்போது இருமல் வந்தது. துண்டை வாயில் பொத்திக்கொண்டான். துண்டில் இருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். தனிமை ஒழிப்புக்காக அமைந்த குழுவின் ஐந்து பேரும் நாற்காலிகளைச் சுவர் வரைக்கும் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். நான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். செல்லதுரை மட்டும்தான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

விஷயம் மறுநாளே துறைமுகத்துக்குப் போய்விட்டது. ஐந்து பேரில் யார் சொன்னது என்று விசாரிக்க விதியில்லை. காலையில் மூப்பன் வில்லைகளை வீசுவதற்கு முன்னால் பிச்சைமணியைப் பெயர் சொல்லி அழைத்து, கூட்டத்திலிருந்து விலகி நிற்கச் சொன்னானாம்.

இதற்கிடையில் செல்லதுரையின் முதிர்ச்சிச் சான்று காலாவதியாகியிருப்பதைக் குழு கவனித்தது. முதிர்ச்சி இல்லாதவன் போட்ட கையொப்பம் செல்லாது. மறு நேர்காணலுக்கு மூன்று முறை தேதி வைத்தோம். இரண்டு முறை மழையால் மூத்தோர் வரவில்லை. மூன்றாம் முறை வந்தார்கள். கடைசியாக எப்போது சத்தமாகச் சிரித்தாய் என்று மறுபடி கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. தேறிவிட்டான்.

பிறகு விண்ணப்பத்தை மலையாளத்தில் நிரப்பியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ்ச் சபையின் முத்திரை மலையாளத்தின் மேல் விழலாமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். தமிழில் நல்ல நகல் எடுக்கும்படி அதை என்னிடம் கொடுத்தார்கள். ஒன்பது நாள் அது என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பள்ளிக்கூடக் கூரை ஒழுகியது, பிள்ளைகள் சேர்க்கை நேரம், இப்படி ஏதேதோ. எழுதுவதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது. ஒன்பது நாள் வைத்திருந்ததற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு நாள் சாலையில் பிச்சைமணியைப் பார்த்தேன். மெலிந்து, கழுத்து மட்டும் நீண்டிருந்தான்.

"சாரே, அந்தத் தாள்..." என்றான்.

"நடந்துகொண்டிருக்கிறது," என்றேன்.

"அங்க சாப்பா, இங்க கையொப்பு," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். "அங்கயாவது எறியுவாங்க சாரே, ஓடிப் பிடிக்கலாம்." அதற்கு மேல் பேச மூச்சு இல்லாமல் கடைத் திண்டில் உட்கார்ந்துவிட்டான்.

ஜூலை பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, செல்லதுரையும் ஞானசிகாமணியும் மேலிடத்துக்கு அறிக்கை கொண்டுபோக எர்ணாகுளம் படகில் ஏறினார்கள். கயிற்றை அவிழ்த்துப் படகு நகர ஆரம்பித்ததும், செல்லதுரை கோட்டோடு துறைக்குத் தாவிவிட்டான். ஞானசிகாமணி குடையை ஆட்டிக் கத்தினார். படகு நிற்கவில்லை. அன்று காயலைக் கடந்து போய்த் திரும்பும் வரை தன்னுடன் யாருமே இல்லை என்று அவர் பிறகு மிகுந்த வருத்தத்தோடு வாக்குமூலம் கொடுத்தார்.

செல்லதுரை நேராகப் பிச்சைமணியின் அறைக்குப் போனான். வாய்க்கால் ஓரத்து லைன் வீட்டில், ஒரு பாய் விரிக்கிற அளவு அறை. மூன்று நாள் அங்கேயே இருந்தான். பிச்சைமணிக்குக் குளிர் நடுக்கியதால் கோட்டைப் போர்த்தினான். அடுத்த அறையில் கமலாக்ஷி என்ற பெண் இருந்தாள், இறால் தோல் உரிக்கிற கம்பெனியில் வேலை. காலையில் போகும்போதும் மாலையில் வந்த பிறகும் கஞ்சி கொடுத்தாள். குழு மூன்று நாளும் கூடி, வாலிபர் தலைவனைக் காணவில்லை என்று தீர்மானித்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த அறைக்குள் போய் அவனை அழைத்து வர முறை யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது.

வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்துக்குப் பிச்சைமணி இறந்தான். வெள்ளிக்கிழமை மழையில் அடக்கம் செய்தோம். மூத்தோர் ஐவரும் வந்திருந்தார்கள், காற்று அடிக்கிற திசை பார்த்து நின்றார்கள்.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு விசாரணை. செல்லதுரை சட்டையோடு நின்றான். கோட்டை மேசைமேல் ஒரு காகிதம் விரித்து வைத்திருந்தார்கள். உள்பக்கத்துத் துணியில் கறை இருந்தது. முதல் குற்றம் அது. இரண்டாவது, உடனிருப்பவரைப் படகில் தனியாக அனுப்பியது. இரண்டையும் அவன் ஒப்புக்கொண்டான். மூன்றாவதற்கு மாசிலாமணி பதிவேட்டைத் திறக்கச் சொன்னார்.

"செவ்வாய் காலை முதல் வியாழன் மதியம் இரண்டு பத்து வரை உன்னுடன் பிச்சைமணி இருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர், சபை உறுப்பினர். அதை உடனிருப்பு என்று ஏற்கலாம் என்பது என் கருத்து. இந்தக் குழு இரக்கமில்லாத குழு அல்ல. இரண்டு பத்துக்குப் பிறகு?"

"நாலு மணிக்குக் கமலாக்ஷிச் சேச்சி வந்தாங்க சார்."

"இரண்டு பத்திலிருந்து நாலு மணி வரை யார் இருந்தார்கள்?"

"பிச்சைமணிதான் சார்."

"அவர்தான் இரண்டு பத்துக்கே..."

"ஆமா சார்."

"அப்படியானால் யார் இருந்தார்கள்?"

"பிச்சைமணிதான் சார்."

மாசிலாமணி காகிதத்தில் கழித்துப் பார்த்தார். "ஒரு மணி ஐம்பது நிமிஷம். அந்த நேரத்தில் என்ன செய்தாய்?"

"கையப் பிடிச்சிட்டிருந்தேன் சார். அவன்தான் பிடிச்சிருந்தான். எடுக்க மனசு வரல."

கமலாக்ஷியைச் சாட்சியாக அழைத்திருந்தோம். வேலைக்குப் போகிற சேலையோடு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

"நீங்கள் போனபோது அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்?"

"ரெண்டு பேர்."

"உயிரோடு எத்தனை பேர்?"

"அது நீங்க இப்பல்லே கேக்கிறது? முதல்ல எத்தர பேர்னு கேட்டீங்க. ரெண்டு பேர்." அவள் ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தாள். கடைசியாக என்னையும் பார்த்தாள். "இத்தர பேர் இருக்கீங்கல்லோ சாரே. அந்தச் செறுக்கன் ஒரு மாசம் செத்துக்கிட்டுக் கிடந்தான். ஒருத்தர் வந்தீங்களா, ஒரு தடவ?"

சாட்சிக்குக் கேள்வி கேட்க விதியில்லை என்று அறிவிக்கப்பட்டது. அவள் போய்விட்டாள்.

அப்போது செல்லதுரை அழுதான். சத்தமாக, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மாசிலாமணி பொறுமையோடு காத்திருந்து, அவன் ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார். "முதிர்ச்சியின்மை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நடவடிக்கைக் குறிப்பில் அதை எழுத இடமில்லை, எழுதியிருக்கவும் மாட்டேன்.

வியாழக்கிழமைப் பக்கத்தில் 'உடனிருந்தவர்: எவருமில்லை' என்று நிரப்பச் சொன்னார்கள். நான் பேனாவை மையில் தோய்த்தேன். செல்லதுரை மேசைக்கு வந்து, என் கையிலிருந்து பேனாவை வாங்கினான். அதற்கு முன்னால் அவன் யாரிடமிருந்தும் எதையும் அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை. இரண்டு பத்து முதல் நாலு மணி வரை என்ற வரிக்கு எதிரே, 'பிச்சைமணி' என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தான்.

"கையொப்பம் இல்லையே," என்றார் ஞானசிகாமணி, எட்டிப் பார்த்து.

மாசிலாமணி சிவப்பு மையில் அந்தப் பெயரை அடித்துச் சுருக்கொப்பம் இட்டார். பிறகு முடிவுரை சொன்னார். "தேவநேசன் போனபோது நாம் ஒரு ஆர்மோனியத்தை இழந்தோம். இந்த முறை நம் ஏற்பாடு வேலை செய்திருக்கிறது. பெரிதாக எதையும் இழக்கவில்லை. கோட்டு ஒன்றுதான்."

செல்லதுரை தனிமைக்காகவும் முதிர்ச்சியின்மைக்காகவும் நீக்கப்பட்டான். புதிய வாலிபர் தலைவராக ஞானசிகாமணி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய முதிர்ச்சியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மனைவி, இரண்டு மகள்கள், மருமகன் எல்லாரும் ஒரே வீட்டில் என்பதால் அவருக்குத் தனிமையும் வாய்க்காது. அடுத்த பொருள் என்னவென்று மாசிலாமணி கேட்டார். பிச்சைமணியின் விண்ணப்பம் என்று படித்தேன். அதை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்க யாரும் தீர்மானம் கொண்டுவந்திருக்கவில்லை. என்னுடைய தமிழ் நகல் அழகாக இருப்பதாக ஒருவர் பாராட்டினார். ஐந்து பேரும் கையொப்பமிட்டார்கள். முத்திரை நேராக, சுத்தமாக விழுந்தது. திங்கட்கிழமை அதைத் தபாலில் சேர்த்தேன். ஏன் சேர்த்தாய் என்று இப்போது யாராவது கேட்டால், சேர்க்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை என்பதுதான் பதில்.

ஆகஸ்டு முதல் வாரம் சானடோரியத்திலிருந்து பதில் வந்தது. படுக்கை தயாராக இருக்கிறது. நோயாளி தனியாக வரக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். அவருக்கும் தங்க இடம் தருவோம்.

அதைக் கோப்பில் வைத்திருக்கலாம். அன்று மட்டும் ஏனோ முடியவில்லை. பள்ளி விட்டதும் மழையில் பஜார் ரோட்டுக்கு நடந்தேன். செல்லதுரை கிட்டங்கி வாசலில் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான், உடம்பெல்லாம் மிளகுத் தூசி. அவனைச் சுற்றி யாரும் இல்லை. கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். மடித்து என்னிடமே திருப்பித் தந்தான். அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நீங்க மட்டுமா வந்தீங்க சார்?" என்றான்.

"ஆமா."

அவன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். "யாராவது பாத்தா எழுதிருவாங்க சார். போயிருங்க."

நான் போய்விட்டேன்.